கொழும்பு மாநகரின் கலைக்கூடங்கள்

கலைகள் அறுபத்து நான்கு என எண்ணிப் போந்த மரபு நம்முடையது. அவ்வெண்ணிக்கையுட் சித்திரமும் சிற்பமும் இடம்பெற்றிருப்பினும், கச்சேரி கேட்கச் செல்வதுபோலவும் கூத்துப் பார்க்கச் செல்வதுபோலவும் சித்திரம் பார்ப்பதற்கென்றே ஓரிடத்துக்குச் செல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்து மக்களிடையே வேரூன்றவில்லை. தேரிலே செதுக்கப்பட்ட உருவங்களையும், வாகனங்களின் வண்ணப் பூச்சையும், கோயிற் சுவரின் சித்திரங்களையும் கண்டு மகிழாதார் இலர். எனினும் அவர் ஆண்டவனைக் காணச் சென்றவிடத்து அவற்றையும் கண்டவர். அவற்றைக் காண்பதற்காகவே சென்றவர் அல்லர். இது குறையன்று. கலை வாழ்வோடு பிணைந்திருந்தமைக்கு இதுவே சான்று என்று கொள்ளவும் இடமுண்டு. ஆனால் நகரங்களில் வேறொரு வழக்கம் தோன்றி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்கே சித்திரம் கோயிலை விட்டும் இல்லத்தை விட்டும் நீங்கி, வெண்சுவரொன்றிலே தனியே தொங்குகின்றது; காண்பவனும் அதனெதிரே தனியே நிற்கின்றான். அவ்வழக்கத்தை நம் நாட்டிற் காண வேண்டின் கொழும்புக்கே செல்லல் வேண்டும்.

கொடிகாமத்துச் சந்தி, கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடுமிடம். தென்மராட்சியின் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் பனையோலைப் பெட்டிகளும் அதன் சந்தையிலே கூடிப் பின் நாற்றிசைக்கும் பிரியும். அங்குள்ள புகையிரத நிலையத்தில் ஏறியோர் கோட்டை நிலையத்திலோ மருதானையிலோ இறங்குவர். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய நாள் முதல் அவ்வழி சென்றோர் தொகை மிகப் பெரிது. 1990 இல் வடக்குக்கான சேவை நின்றது. 2014 ஒக்டோபரிலேயே யாழ்ப்பாணம் வரை மீண்டது. உத்தியோகத்துக்கும், வழக்குக்கும், வைத்தியத்துக்கும், வெளிநாட்டுப் பயணப் பத்திரங்களுக்கும் கொழும்பு சென்று மீண்டவர் நூற்றுக்கு நூறு பேர் என்றால், அந்நகரின் கலைக்கூடமொன்றின் வாயிலை மிதித்தவர் ஒருவரோ இருவரோ எனலாம். வாயில் அடைபட்டிருந்தமையன்று இதன் காரணம். அவ்விடங்களில் தமக்கு உரியது ஒன்று உண்டு என்பதை எவரும் எடுத்துரைக்காமையே காரணம். உரியது மிக உண்டு. உரியதாக இருந்திருக்க வேண்டி இல்லாது போனதும் உண்டு.

முதலிற் செல்லத்தக்கது கொழும்புத் தேசிய நூதனசாலை. தேசாதிபதி கிறெகரியின் முயற்சியால் எழுந்து, 1877 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி திறக்கப்பெற்றது. கட்டடத்தை வரைந்தவர் சிமிதர் என்னும் ஆங்கிலேயர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார். வெண்ணிறம் பூண்ட அம்மாளிகையின் கீழ்த்தளத்திலே பொலன்னறுவைச் சிவாலயங்களிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் வைக்கப்பட்டுள்ளன. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் நிலத்தினின்றும் வெளிப்பட்ட அவற்றுள் நடராசர் உண்டு, உமையுண்டு, நாயன்மாரும் உளர். சோழர் ஆட்சி இவ்வீழத்திற் பரவியிருந்த காலத்தோடு தொடர்புடைய இவை தமிழகத்தில் வார்க்கப்பட்டு இங்குக் கொணரப்பட்டனவா, பொலன்னறுவையிலேயே வார்க்கப்பட்டனவா என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. வாதம் எவ்வாறாயினும் ஆகுக. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருவுருவத்தின் முன்னே சற்று நேரம் நின்றவர் அவ்வாதத்தை மறந்துவிடுவர்.

இளமை ததும்பும் மேனி, அணிகலன் பூண்ட கோலம், உடல் ஒரு பக்கமாகச் சிறிதே வளைந்து நிற்கின்றது, கண்கள் விரிந்திருக்கின்றன. மணக்கோலத்திலிருந்த நம்பியாரூரரை இறைவன் தடுத்தாட்கொண்ட அந்நிலையையே சிற்பி வடித்தான் என அறிஞர் கொள்வர். முதலில் மெழுகால் உருவத்தைச் சமைத்து, அதன் மேல் மண் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, வெறுமையான அவ்விடத்தில் உருகிய உலோகத்தை வார்த்து, ஆறியபின் மண்ணை உடைத்தெடுப்பது இவ்வகை வார்ப்பின் முறை. ஆகவே ஓர் அச்சிலிருந்து ஓர் உருவமே தோன்றும். இரண்டாவது ஒன்று தோன்றாது. தேவாரத் திருமுறையைப் பள்ளியில் ஓதிய மாணவனுக்கு, அதனைப் பாடியவரின் முகத்தைச் சிற்பியொருவன் எவ்வாறு எண்ணிப் பார்த்தான் என்பதை அறிய இதனினும் சிறந்த வாய்ப்பு வேறில்லை. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதால், திருவிழாக் காலத்துப் பட்டும் மாலையும் இன்றி, சிற்பியின் கைவண்ணம் முழுவதும் புலப்படுகின்றது. கோயிலிற் காண முடியாதது இது. நூதனசாலையால் விளையும் நட்டமும் இலாபமும் ஒருங்கே இங்குத் தெரியும்.

இத்திருமேனிகளை உலகறியச் செய்தோர் இருவர். ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளையும் சிவ வழிபாட்டின் தத்துவத்தையும் இணைத்து ஆங்கிலத்தில் ஆய்வுரை எழுதியவர். மற்றவர் அவர் உறவினரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியான எலிசபெத் அம்மையாருக்கும் மகனாக 1877 இல், அதாவது நூதனசாலை திறந்த அதே ஆண்டில், கொழும்பிற் பிறந்து, 1947 இல் அமெரிக்காவில் மறைந்தவர். கனிமவியல் ஆய்வாளராக இந்நாட்டின் கிராமங்கள் தோறும் நடந்தபோது கம்மாளரின் தொழிலைக் கண்டு மனம் பறிகொடுத்து, 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை வெளியிட்டார். 1914 இல் கொழும்பு நூதனசாலைச் செப்புத் திருமேனிகள் பற்றித் தனிநூல் எழுதினார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடியொன்றின் வழிவந்தவரே சிங்களக் கைவினைக்கு முதலாவது பேரிலக்கியம் வகுத்தார் என்பது பிற்காலத்தார் இரு சாராரும் வசதியாக மறந்துபோன செய்தி.

நூதனசாலைக்கு அயலில் உள்ள வீதிக்கு அவர் பெயரே இடப்பட்டுள்ளது. முன்னாளில் அது கிறீன் பாத் எனப்பட்டது. அவ்வீதியில் 1932 இல் எழுந்ததே தேசிய கலாபவனம். இலங்கைக் கலைச் சங்கத்தாரின் கண்காட்சிகள் அங்கு ஆண்டுதோறும் நடைபெற்றன. அச்சங்கத்தாரின் கலைக்கொள்கை பெரும்பாலும் பிரித்தானியக் கழகங்களின் கொள்கையே. பிரமுகரின் முகங்களும், மலைநாட்டுக் காட்சிகளும், மண்பானை சுமக்கும் பெண்களும் தைலவண்ணத்தில் ஒழுங்குறத் தீட்டப்பட்டன. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆயினும் கண்டதைக் கண்டவாறே எழுதுவதே சித்திரம் என்ற எண்ணம் அங்கு ஆட்சி செலுத்தியது.

அவ்வாட்சியை எதிர்த்து எழுந்ததே 43 ஆம் ஆண்டுக் குழு. 1943 ஓகஸ்ட் 29 ஆந் திகதி, கில்போட் கிறசென்ற் வீதியில் லயனல் வென்ட் என்பாரின் இல்லத்திற் கூடிய சிலர் அதனைத் தோற்றுவித்தனர். வென்ட் வழக்கறிஞராகப் பயின்றவர்; பியானோ வாசிப்பிலே தேர்ந்தவர்; நிழற்படக் கலையிலோ உலகத் தரத்தவர். 1934 இல் வெளிவந்த இலங்கையின் பாடல் என்னும் திரைப்படத்திற் கேட்கும் விளக்கக் குரல் அவருடையது. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா கொன்சலாகக் கொழும்பில் வாழ்ந்த காலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பராயிருந்தார். குழு தோன்றிய அடுத்த ஆண்டின் மார்கழியில், நாற்பத்து நான்கு வயதில், வென்ட் மறைந்தார். அவர் வீடு இருந்த நிலத்திலேயே அவர் பெயரால் நாடக அரங்கும் சித்திரக் கூடமும் பின்னர் எழுந்தன. அரங்கு 1953 இல் திறக்கப்பெற்றது. கொழும்பிற் கண்காட்சி என்றவுடன் எவரும் முதலில் நினைப்பது இக்கூடத்தையே.

குழுவினர் ஒரே வகையாக எழுதியவர் அல்லர். ஜோர்ஜ் கீற் கோட்டின் வலியால் உருவங்களைப் பிரித்தும் இணைத்தும் எழுதினார். ஜஸ்ரின் தரணியகல வண்ணத்தைக் குழைத்து அடுக்கி, முகங்களினுள்ளே துயரையும் சினத்தையும் நிறுத்தினார். ஐவன் பீரிஸ் 1950 களில் இங்கிலாந்து சென்று குடியேறிய பின்னரும் தெகிவளைக் கடற்கரையையே வாழ்நாள் முழுதும் வரைந்துகொண்டிருந்தார். பௌத்த துறவியாயிருந்த மஞ்சுசிறி பழைய விகாரைச் சுவர்ச் சித்திரங்களைப் பிரதி செய்து காத்தார். இவர்களை இணைத்தது ஒரு பாணியன்று. கழகத்தார் வகுத்த ஒழுங்குக்கு அடங்காமை ஒன்றே. 1952 இல் இலண்டனிலும் 1953 இல் பாரிசிலும் இவர்களுடைய சித்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பாராட்டுப் பெற்றன.

கீற்றின் சித்திரத்தை முதன்முறையாகக் காண்பவர் பெரும்பாலும் மயங்குவர். ஒரு முகத்திலேயே பக்கத் தோற்றமும் நேர்த் தோற்றமும் கலந்திருப்பது ஏன்? தோளின் கோடு அப்படியே மரக்கிளையாக நீள்வது ஏன்? பாரிசிலே பிக்காசோவும் பிறாக்கும் தொடங்கிய கனவடிவ முறையை அவர் அறிந்திருந்தார் என்பது உண்மையே. ஒரு பொருளை ஓரிடத்தில் நின்று பார்ப்பதோடு அமையாது, சுற்றி வந்து பார்த்த பல தோற்றங்களையும் ஒரே தளத்தில் வைப்பது அம்முறை. ஆனால் கீற் அதனைக் கடன் வாங்கியதோடு நிற்கவில்லை. சயதேவரின் கீதகோவிந்தத்தை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். கண்ணனும் இராதையும், அரசரும் நாயகியரும் அவர் ஓவியங்களிலே மீண்டும் மீண்டும் வருவர். தேர்ச் சிற்பத்தில் உருவமொன்றின் மார்பு நம்மை நோக்க, முகம் பக்கம் திரும்ப, கால் வேறொரு திசையில் ஊன்றி நிற்பதை நம்மவர் வியப்பின்றிப் பார்த்து வந்துள்ளனர். அக்கண்ணோடு கீற்றின் சித்திரத்தை நோக்கினால் மயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

அவர் தீட்டிய சுவர்ச் சித்திரங்களைக் காண நுழைவுச் சீட்டு வேண்டியதில்லை. பொரளையிலுள்ள கோதமி விகாரையில் 1939, 1940 ஆம் ஆண்டுகளிற் புத்தர் பெருமானின் வரலாற்றை அவர் சுவர் முழுதும் எழுதியிருக்கின்றார். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்றால், மனித உருவிலும் பெரிய உருவங்கள் நாற்புறமும் சூழ்ந்து நிற்கும். கூடத்தில் தொங்கும் சித்திரத்துக்கும் வழிபாட்டிடத்துச் சித்திரத்துக்குமுள்ள வேறுபாட்டை உணர இவ்விரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நன்று. மலர் வைத்து வணங்கிச் செல்லும் முதியவர் ஒருவர் அருகில் நிற்கையில் அச்சுவரின் கோடுகளுக்கு வேறொரு பொருள் தோன்றுகின்றது.

குழுவினரின் சித்திரங்களை ஒருங்கே காண உகந்த இடம் பார்ன்ஸ் பிளேசில் உள்ள சப்புமல் நிலையம். குழுவின் செயலாளராயிருந்த ஹரி பீரிஸ் தம் இல்லத்தையும் சேகரிப்பையும் 1974 இல் பொதுநிதியமாக்கினார். 1988 இல் அவர் மறைந்த பின்னரும் அது வீடாகவே இருக்கின்றது. ஓட்டுக் கூரை, தாழ்ந்த திண்ணை, மரங்களினூடு வரும் வெளிச்சம், அறைதோறும் சித்திரங்கள். பெரிய நூதனசாலைகளின் மிடுக்கு ஒன்றும் அங்கில்லை. சப்புமல் என்பது சண்பகப் பூ. பதினைந்தாம் நூற்றாண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தை வென்ற சண்பகப் பெருமாளைச் சிங்கள வரலாறு சப்புமல் குமாரர் என அழைப்பதும் அச்சொல்லாலேயே. யாழ்ப்பாணத்தார் அவ்வாயிலிற் பெயரைப் படித்துவிட்டுப் புன்னகைத்தால் அதில் தவறில்லை.

இனி, அக்குழுவைத் தோற்றுவித்தவர் பட்டியலை வாசித்தால் யாழ்ப்பாணத்துப் பெயரை அதிற் காண்பது அரிது. வடக்கிலே சித்திரக்காரர் இல்லாமையன்று அதன் காரணம். 1920 களிற் கல்விப் பகுதியின் சித்திரப் பரிசோதகராக விளங்கியவர் வின்சர் என்னும் ஆங்கிலேயர். கொழும்பு இளைஞரை நவீன வழியிலே திருப்பியோருள் அவர் முதன்மையானவர். அவர் பெயர் தாங்கிய சித்திரக் கழகம் ஒன்றை 1938 இல் யாழ்ப்பாணத்தில் நிறுவியவர் எஸ். ஆர். கனகசபை, அதாவது 43 ஆம் ஆண்டுக் குழு தோன்றுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே. ஆசிரியர்களும் மாணவரும் கூடி வரைந்தும் காட்சி வைத்தும் வந்த கழகம் அது. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரு முயற்சிகளில் ஒன்று இலண்டனையும் பாரிசையும் எட்டியது. மற்றையது வகுப்பறைகளோடு அமைந்தது. கொழும்பினருக்குச் செல்வமும், ஆங்கில மொழியும், மேலைநாட்டுப் பயிற்சியும், வாங்குவோரும் இருந்தனர். வடக்கின் ஓவியனுக்கு இருந்தது ஆசிரியர் வேதனம் ஒன்றே. இவ்வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடு என எண்ணிவிடுதல் கூடாது.

அடுத்த தலைமுறையில் இதற்குச் சான்றாக நின்றவர் ஓவியர் மாற்கு. குருநகரில் 1933 இற் பிறந்து, கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, அங்கேயே தங்கிவிடாது யாழ்ப்பாணம் மீண்டு ஆசிரியரானார். விடுமுறைக் காலங்களில் இளைஞரைக் கூட்டி ஓவியம் பயிற்றிய கழகமொன்றை நடத்தினார். தெருவோரத்து மாந்தரும், தாயும் சேயும், கிறித்துவின் துயரும் அவர் கோடுகளில் நவீன வடிவம் பெற்றன. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, சாவகச்சேரியும் கொடிகாமமும் பள்ளிக்கூடங்கள், கோயில் மடங்கள், மரநிழல்கள் எல்லாம் நிரம்பி வழிந்ததை இவ்வூரார் அறிவர். அவ்விடப்பெயர்வில் நெல்லும் நகையும் சுமந்தவர் உளர். சுருட்டிய துணிச் சித்திரத்தைச் சுமந்து வரக் கை மிச்சமிருந்தவர் அரியர். போரினாலும் இடப்பெயர்வாலும் மாற்குவின் படைப்புக்களிற் பல அழிந்தன. 2000 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அதே ஆண்டிலே தென்மராட்சியும் போர்க்களமாயிற்று. கொழும்பிலே ஒரு சித்திரம் ஐம்பது ஆண்டு ஒரே ஆணியில் தொங்கியிருத்தல் இயல்பு. வடக்கிலே அது ஒரு பேறு. நாட்டின் கலை வரலாறு எஞ்சிய சித்திரங்களைக் கொண்டே எழுதப்படுகின்றது என்பதை இக்கூடங்களிற் செல்லும் மாணவன் நினைவிற் கொள்ளுதல் தகும்.

1983 இன் ஆடிக் கலவரத்தின் பின்னர் கொழும்புச் சித்திரமும் முன்போல இருக்கவில்லை. 1992 இல் ஜகத் வீரசிங்க வைத்த கண்காட்சியோடு புதிய காலம் தொடங்கியது எனக் கலை வரலாற்றாசிரியர் கூறுவர். அழகிய பெண்ணும் அமைதியான கடலும் பின்னொதுங்க, உடைந்த தூபிகளும் சிதைந்த உடல்களும் சித்திரத்துக்குப் பொருளாயின. சந்திரகுப்த தேனுவர 1997 இற் செய்தது இன்னும் எளியது. ஆதலால் இன்னும் கூரியது. சோதனைச் சாவடிதோறும் இராணுவ வண்ணம் பூசி நிறுத்தப்பட்டிருந்த தார்ப் பீப்பாய்களையே எடுத்துக் கண்காட்சிக் கூடத்தில் நிறுத்தினார். அப்பீப்பாய்களை ஒவ்வொன்றாகக் கடந்து, அடையாள அட்டை காட்டிக் கொழும்பு வந்து சேர்ந்த வடபகுதிப் பயணிக்கு அக்கலையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதம் 23 ஆந் திகதியை ஒட்டி, அக்கலவரத்தின் நினைவாக அவர் கண்காட்சி வைத்து வந்துள்ளார். சிங்கள ஓவியர் ஒருவர் அந்நாளை மறவாது ஆண்டுக்கு ஒருமுறை சுவரில் எழுதி வைத்தார் என்பது அறியப்பட வேண்டியது.

வடக்கிலிருந்து இக்காலத்து எழுந்தவர்களுள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலை ஆசிரியரான தா. சனாதனன் குறிப்பிடத்தக்கவர். 2004 இல், எரிந்து மீண்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே அகம் புறம் என்னும் பெயரிற் கொழும்புக் கலைஞரும் யாழ்ப்பாணக் கலைஞரும் சேர்ந்து கண்காட்சி வைத்தபோது, மக்கள் தம் வீடுகளிலிருந்து தந்த சிறு பொருள்களையே அவர் சான்றுகளாக அடுக்கி வைத்தார். 2011 இல் வெளிவந்த அவருடைய முற்றுப்பெறாத தோம்பு என்னும் படைப்பு நூல் வடிவினது. ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேட்டுக்குத் தோம்பு என்பது பெயர். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீற, அதனைக் கட்டடக்கலை முறைப்படி வரைந்து, அருகே ஓவியமும் கூற்றும் வைத்து அமைத்தது அது. கிணறு எங்கிருந்தது, மாமரம் எப்பக்கம், சுவாமியறை எத்திசை என்பன அக்கீறல்களில் உள்ளன. சித்திரம் பயிலாதவர் கீறிய கோடுகளே அந்நூலின் உயிர். கலைக்கூடத்துக்கும் தமக்கும் தொடர்பில்லை எனக் கருதுவோர் முதலிற் காண வேண்டியது இதுவே எனலாம்.

வீட்டைப் பற்றிய பேச்சு வந்தமையால் வடிவமைப்பையும் இங்கேயே நோக்கலாம். ஜெப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர் 1919 முதல் 2003 வரை வாழ்ந்தவர். பாராளுமன்றக் கட்டடமும், பேரை வாவியிலே மிதப்பதுபோலத் தோன்றும் சீமமாலகமும் அவர் ஆக்கங்கள். கொழும்பு 33 ஆம் ஒழுங்கையில், அடுத்தடுத்திருந்த நான்கு சிறு வீடுகளை 1958 முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, சுவர்களை நீக்கியும் முற்றங்களைத் திறந்தும் ஓரில்லமாக ஆக்கினார். முன்கூட்டியே அறிவித்துக் கட்டணம் செலுத்துவோர்க்கு அதனை உள்ளே சென்று காண இடமளிக்கின்றனர். நீண்ட வெண்ணிற நடை. அதன் முடிவிலே வானம் தெரியும் சிறு நீர்முற்றம். அருகே செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து வந்த பழந்தூண்கள்.

அவர் எனா டி சில்வா அம்மையாருக்காக 1960 களின் தொடக்கத்திற் கட்டிய வீடு, நடுவில் முற்றம் விட்டு நாற்புறமும் தாழ்வாரம் அமைத்தது. வெளியே நோக்காது உள்ளே நோக்கும் அவ்வீடு புதிய பாதையைத் திறந்தது என நூல்கள் போற்றுகின்றன. போற்றற்குரியதே. ஆயினும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிற் பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருத்தியை அங்கு அழைத்துச் சென்றால், ஓடும் தூணும் முற்றமும் மழைநீர் விழும் ஓசையும் கண்டு, இதிலே புதுமை யாது என வினவக்கூடும். பாவா பழையதைத் தெரிந்தே எடுத்தாண்டார். அதை அவர் மறைத்தவரல்லர். துயரம் யாதெனில், கொழும்பிலே முற்றம் வைத்த வீடு உயர்ந்த ரசனையின் அடையாளமாகப் போற்றப்பட்ட அதே ஆண்டுகளில், வடக்கிலே நாற்சார் வீடுகள் பங்கு பிரித்து இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றுட் பலவற்றைக் குண்டு இடித்தது. எனா அம்மையாரின் வீடோ விற்கப்பட்ட பின்னர், கல்லுக்கும் ஓட்டுக்கும் இலக்கமிட்டுக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள பாவாவின் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒரு வீட்டின் மேல் அத்துணை அக்கறை வைக்கலாம் என்பதே பலர்க்குப் புதிய செய்தியாயிருக்கும்.

எனா அம்மையார் பத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணியைப் பெருங்கலையாக்கியவர். பார்பரா சன்சோனி அம்மையார் 1960 களிற் கன்னியர் மடமொன்றின் வேண்டுகோளை ஏற்று, கைத்தறி நெய்யும் கிராமத்துப் பெண்களுக்கு வண்ணக் கோடுகளை வகுத்துக் கொடுக்கத் தொடங்கினார். அதுவே பெயர்பூட் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. காலி வீதியிலுள்ள அதன் கடையை ஒட்டி முற்றமும் கண்காட்சிக் கூடமும் உண்டு. அங்கே நெசவுத் துணி, விளையாட்டுப் பொருள், நூல், சித்திரம் யாவும் ஒரே கூரையின் கீழ்ப் பழகுகின்றன. கருஞ்சிவப்பை அடுத்து இளஞ்சிவப்பு, அதனை அடுத்து மஞ்சள் என நம் கண்ணுக்கு ஒவ்வாதன எனத் தோன்றும் வண்ணங்களை அவர் அஞ்சாது அடுத்தடுத்து வைத்தார். உண்மையில் அவை கோயிற் கொடிச்சீலையிலும் பட்டுச் சேலையிலும் நாம் பழகிய வண்ணங்களே.

தனியார் கூடங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2009 இல் தொடங்கிய சஸ்கியா பெர்னாண்டோ கூடம் போன்றவை இன்றைய ஓவியரை வெளிநாட்டுச் சந்தைக்கும் அறிமுகப்படுத்துகின்றன. 2013 முதல் கொழும்பொஸ்கோப் என்னும் கலைவிழா நடைபெற்று வருகின்றது. இத்தகைய இடங்களுள் நுழையத் தயங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: பார்ப்பதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, வாங்க வேண்டிய கடப்பாடும் இல்லை. சித்திரத்தின் அருகிலுள்ள சிறு சீட்டிலே ஓவியரின் பெயரும், ஆண்டும், எதனால் எதன்மேல் வரையப்பட்டது என்பதும் இருக்கும். அதன் பக்கத்திலே செந்நிறப் பொட்டு ஒட்டப்பட்டிருப்பின் அது விலைபோய்விட்டது என்பது பொருள். சீட்டை முதலில் வாசித்துவிட்டுச் சித்திரத்தை நோக்குவோர் பலர். சித்திரத்தை நோக்கிய பின்னர் சீட்டை வாசிப்பதே முறை. கண் தானே கண்டதை எழுத்து கெடுத்துவிடக் கூடாது.

அச்சீட்டின் மொழி பற்றியும் கூறல் வேண்டும். நெடுங்காலமாக அது ஆங்கிலமாகவே இருந்தது; ஆங்கிலத்தோடு சிங்களம் சேர்ந்த இடங்களிலும் தமிழ் சேராதிருந்தது உண்டு. 2019 மார்கழியில் திறக்கப்பெற்ற இலங்கை நவீன, சமகாலக் கலை நூதனசாலை இவ்வழக்கத்தை மாற்றியது. நாடு சுதந்திரம் பெற்ற காலந்தொட்டு எழுந்த கலையை ஒருங்கே காட்டிய அதன் முதற் காட்சியிலேயே விளக்கங்கள் மும்மொழியிலும் இடம்பெற்றன. வடக்கின் ஓவியரும் தெற்கின் ஓவியரும் ஒரே சுவரிற் சந்தித்தனர். பாடசாலை மாணவரைத் தமிழிலேயே அழைத்துச் சென்று விளக்கவும் அங்கு ஏற்பாடு செய்யப்பட்டது. கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க முயன்றோருக்கு அது எளிய வேலையாயிருந்திராது. நிறுவற்கலை என்பதா, வைப்புக்கலை என்பதா என்னும் ஐயங்கள் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவையனைத்தையும் காண ஒரு நாள் போதாது. ஒரே நாள்தான் உண்டு எனின் தைமாசியிற் செல்வது நன்று. அக்காலத்தில் ஞாயிறொன்றிலே, குமாரசுவாமியின் பெயர் தாங்கிய அவ்வீதியில், கலா பொல நடைபெறும். பொல என்னும் சிங்களச் சொல்லுக்குச் சந்தை என்பது பொருள். ஜோர்ஜ் கீற் நிதியத்தார் 1993 இல் தொடங்கிய அச்சந்தையில், மரநிழலின் கீழ், நூற்றுக்கணக்கான ஓவியரும் சிற்பியரும் தம் படைப்புக்களை மரத்திற் சாய்த்தும் கயிற்றிற் கட்டியும் விற்பனைக்கு வைப்பர். சிலர் தரையிலேயே பரப்பி வைத்துக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பர். பெருங்கூடத்திற் காட்ட வாய்ப்பில்லாத கிராமத்து இளைஞனும், கூடங்களிற் பெயர்பெற்றவரும் பக்கத்தே பக்கத்தே இருப்பர். விலை பேசலாம், எவ்வாறு செய்தீர் என வினவலாம், வினவினால் மகிழ்வர். கூடத்தின் வெண்சுவரும் அமைதியும் கூச்சம் தருவோர்க்கு இதுவே ஏற்ற முதல் வாயில்.

கொடிகாமத்திலிருந்து செல்வோர்க்குச் சந்தை புதிதன்று. தம்மூர்ச் சந்தையில், பச்சையும் ஊதாவும் சிவப்பும் தோய்த்த சார்வோலையை இடையிடையே ஓட்டிப் பின்னிய பெட்டியையும் கடகத்தையும் நீத்துப்பெட்டியையும் அவர் நாள்தோறும் கண்டிருப்பர். வண்ண ஓலையை எத்தனையாவது இழையில் மாற்றினால் எவ்வடிவம் தோன்றும் என்பதைப் பின்னுபவள் எழுத்தின்றியே அறிவாள். அவ்வாறு பின்னிய பெட்டிகளிற் சில கொழும்பின் அழகுக் கடைகளையும் சென்றடைகின்றன. அங்கே மூன்று மடங்கு விலைச்சீட்டோடு விளக்கின் கீழ் வைக்கப்படுகின்றன. சீட்டிலே கடையின் பெயர் இருக்கும். ஊரின் பெயர் சில வேளை இருக்கும். பின்னியவளின் பெயர் இருப்பதில்லை.